பேனலுக்கு வைத்த பொட்டு

வாங்க சார், உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாமுங்க, அது ஒரு காலு ஆட்டம். இதுல உக்காருங்க. இது என்ற ஸ்டூலு. நாளைக்கும் என்றதா இருக்குமாங்கறது உங்க கையிலதான் இருக்குது. அத அப்புறம் சொல்றேன். மொதல்ல டீயக் குடிங்க.

ஈரோட்டுல இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? இத்தாம்பெரிய மெஷின் கம்பெனி, சர்வீஸுக்கு வர்றவருக்கு ஒரு வண்டி குடுக்கறதில்லீங்களா? சரி, அது உங்க பாடு.

அந்த ஸ்குரூ டிரைவர சித்தெ கீழ வெய்ங்க. மெஷினப் பிரிக்கறதுக்கு முன்னால நடந்தத நான் சொல்லிடறேன். டாக்டருகிட்டப் போனா அவரு மொதல்ல என்ன பண்ணுதுன்னுதானுங்களே கேக்கறாரு? எடுத்த எடுப்புல வயித்தக் கிழிக்கறாரா? மொதலாளி உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பாரு. அவரு சொன்னது அவரு பக்கம். மெஷின் பக்கம் பேச ஒரு ஆளு வேணுமில்லீங்க, அதான் நான்.

என்ற பேரு சென்னியப்பன். இந்தப் பட்டறையில இருவத்திரண்டு வருசமா வெல்டிங் அடிக்கறேன். அதுல இருவது வருசம் ராடு வெல்டிங்குங்க. கேட்டு, சன்னலு, தண்ணித் தொட்டிக்கு ஸ்டாண்டு, எல்லாம் இரும்பு. பழைய மெஷினுக்குப் பேனல் கீனல் ஒண்ணும் கெடையாது. மேல ஒரு சக்கரம், அவ்வளவுதான். இந்தப் பக்கம் சுத்துனா கரண்டு ஏறும், அந்தப் பக்கம் சுத்துனா எறங்கும். அது உறுமற சத்தத்த வெச்சே எத்தன ஆம்பியருன்னு சொல்லிடுவேன். யாரும் சரி பாத்ததில்ல, ஆனா நான் சொல்லிடுவேன்.

அப்புறம் மொதலாளி எவர்சில்வர் தகடுல பால் டேங்கு பண்ண ஆரம்பிச்சாரு. அதுக்கு ஆர்கான் கேஸு வெல்டிங் வேணும். உங்க மெஷின் வந்துச்சு, ராடும் அடிக்கலாம், ஆர்கானும் அடிக்கலாம். என்ற கையிலதான் வெல்டிங் டார்ச்சக் குடுத்தாங்க. நான் சும்மா சொல்லலீங்க, கை எனக்கு நிக்கும். அந்தா அந்த டேங்குல வெல்டிங் தையலப் பாருங்க, முறுக்கு சுத்துனாப்புல இருக்குதா? அது நான் அடிச்சது.

ஆர்கான் எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க பொறி படாத ஆளு. ஆர்கான்ல புகை கெடையாது, தெறிக்கறது கெடையாது. இருவது வருசத்துல மொத தடவையா ஓட்டையில்லாத சட்டை போட்டுட்டு வேலைக்கு வந்தேன். இருமல் நின்னு போச்சு. மச்சினன் ஊட்டு நிச்சயதார்த்தத்துக்கு இங்கிருந்து நேராப் போனேன், பக்கத்துல உக்காந்தவன் மூக்கப் பொத்தல. அதுக்கும் மேல, உக்காந்து அடிக்கற வேலைங்க. இந்த ஸ்டூல அப்பத்தான் குடுத்தாங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எங்கூட்டுல, என்ற சம்சாரம் துளசிமணி, அவளும் இங்கதான் வேலை. நான் தையல் அடிச்சா அந்த எடம் நீலம் பூத்தாப்புல இருக்குமில்லீங்க, அதுக்கு ஆசிட் பேஸ்ட்டத் தடவி, கழுவி, பளபளன்னு ஆக்கறது அவ. பத்தாவது பாஸ். அத அவளே சொல்ல மாட்டா, நான்தான் சொல்லோணும்.

மெஷின் வந்தன்னைக்கு உங்க கம்பெனியில இருந்து ஒருத்தரு வந்து பேனலப் பத்தி ஒரு மணி நேரம் சொன்னாரு. நான் அஞ்சு நிமிசம் கேட்டேன். அதுக்குள்ள புரிஞ்சு போச்சு. அப்புறம் அவருக்கு எளநி வெட்டப் போயிட்டேன். வந்த மனுசனக் கவனிக்கோணுமில்லீங்க. எங்கூட்டுல மட்டும் அங்கயே நின்னுட்டு அவரு வாயப் பாத்துட்டிருந்தா. கேலண்டர் தாள்ல வேற என்னமோ போட்டுட்டிருந்தா. பின்னால எடுத்துப் பாத்தேன். மலை மாதிரி ஒரு கோடு. ஏறுது, மேல சமமாப் போவுது, எறங்குது. பக்கத்துல நம்பரு. புள்ளி வெச்ச கோலம் போலன்னு நெனச்சு டீ கிளாஸுக்கு அடியில போட்டுக்கிட்டேன்.

பேனல் எனக்குத் தெரியாதுன்னு மொதலாளி சொன்னாருங்களா? சொல்லியிருப்பாரு. நான் இப்பச் சொல்றேன், தப்புன்னா சொல்லுங்க. இது சுவிட்சு. இந்தப் பக்கம் ராடு படம், அந்தப் பக்கம் டார்ச்சு படம். இது பெரிய குமிழு, ஆம்பியரு. மேல நம்பர் எரியும். இதுதான் மெஷினு. மத்த மூணு சின்னக் குமிழும் அழகுக்கு.

ஏனுங்க சிரிக்கறீங்க? சரி, அழகுக்கு மட்டும் இல்ல. ஒண்ணு எறக்கம். பட்டன விட்டாலும் கரண்டு டக்குன்னு நிக்காம மெதுவா எறங்கும். இன்னொண்ணு கேஸு. வெல்டிங் நின்ன பின்னாலயும் உஸ்ஸுன்னு ஏழெட்டு செகண்டு போயிட்டே இருக்கும். மூணாவது ராடு அடிக்கறப்பதான் வேலை செய்யுமாம். எங்கூட்டுலயும் இப்புடித்தான் சொன்னா. எனக்கு அது புடிக்கறதில்லீங்க. நில்லுன்னா நிக்கோணும். சில பேரு போயிட்டு வர்றேன்னு சொல்லி, செருப்ப மாட்டிட்டு, வாசல்ல நின்னு இன்னும் அரை மணி நேரம் பேசுவாங்களே, அந்த மாதிரி ஒரு மெஷினு.

வந்த புதுசுலயே அதுக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு. ஒரு நாள் சாயங்காலம் மொதலாளி ஊட்டு கேட்டுக்கு ராடு அடிச்சுக் குடுத்தேன். மறுநாள் காலையில ஆர்கான் அடிக்க டார்ச்ச எடுத்து தகடுகிட்டக் கொண்டு போறேன், டார்ச்சு மொனையில இருக்கற ஊசி படக்குன்னு ஒட்டிக்குது. ஊசியே பொசுங்கிப் போச்சு. நாலு ஊசி போச்சுங்க. மெஷின் அவுட்டுன்னு மொதலாளிகிட்டச் சொல்லப் போனேன். போயிட்டு வர்றதுக்குள்ள எங்கூட்டுல ஒரு துணிய வெச்சுட்டுப் பேனலத் தொடச்சுட்டிருந்தா. அப்புறம் அடிச்சா, தேனாட்டம் ஓடுது. தூசிதானுங்க. வேற ஒண்ணுமில்ல.

என்னது, சுவிட்சு ராடு பக்கமே இருந்திருக்குமா? இருந்திருக்காதுங்க. நான் பாக்கல, ஆனா இருந்திருக்காது.

அன்னையில இருந்து நான் ஒண்ணக் கண்டுபுடிச்சேன். இந்த மெஷினுக்குத் தூசி ஆகாது. எப்பெல்லாம் மக்கர் பண்ணுதோ அப்பெல்லாம் எங்கூட்டுல வந்து தொடப்பா. தொடச்சாச் சரியாப் போயிரும். காலையில நான் வர்றதுக்கு முன்னால வந்து பத்து நிமிசம் தொடப்பா. ஒரு சாண் பேனலு, பத்து நிமிசம்! பொம்பளைங்களுக்குத் தொடைக்கறதுல ஒரு இது. நான் ஒண்ணும் சொல்றதில்ல.

அப்புறம் போன ஆயுத பூஜை வந்துச்சு. இங்க எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வெப்போம். கட்டிங் மெஷினு, டிரில்லிங் மெஷினு எல்லாத்துக்கும் நான் வெச்சேன், நெத்தியில வெக்கற மாதிரி நடுவுல. இதுக்கு மட்டும் அவ வெக்கறேன்னா. வெச்சுட்டா. வந்து பாத்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ஒவ்வொரு சின்னக் குமிழுக்கும் பக்கத்துல ஒரு பொட்டு, அதுவும் கோணல்மாணலா. ஒண்ணுக்கு மேல, ஒண்ணுக்கு வலது பக்கம், ஒண்ணுக்குச் சாய்வா. நல்லநாளும் அதுவுமா என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்.

ஆனா அதுக்கப்புறம் மெஷினுக்கு ஒரு களை வந்துச்சு பாருங்க. நாலு மாசம் ஒரு மக்கர் இல்ல. டேங்குல தண்ணி நெரப்பி டெஸ்ட் பண்ணுனா ஒரு சொட்டு ஒழுகல. குமிழுல ஒரு வெள்ளைக் கோடு இருக்குதுங்களே, அது எப்பவும் பொட்டப் பாத்தாப்புலயே இருக்கும். நான் தெரியாம எதையாச்சும் திருப்பிட்டாலும் மறுநாள் காலையில பொட்டுக்கு நேரா வந்து நின்னுக்கும். சாமிய வெச்ச எடத்தப் பாத்து நிக்குதுன்னு நான் கையெடுத்துக் கும்புட்டிருக்கேன்.

போன மாசம் மாமியாருக்குக் கண்ணு ஆபரேசன். பன்னண்டு நாளு அம்மா ஊட்டுல இருந்து பாத்துக்கறேன்னு எங்கூட்டுல கெளம்பிட்டா. போறப்ப என்ன சொன்னா தெரியுமுங்களா? "ஏனுங்க, சாப்பாடு எப்புடியோ பண்ணிக்குங்க, பேனல மட்டும் தொடாதீங்க"ன்னு. ஒரு பொண்டாட்டி புருசன்கிட்டச் சொல்ற வார்த்தையா? இருவத்திரண்டு வருசம் வெல்டரு நானு.

அவ போன மூணாம் நாளு பெரிய வேலை வந்துச்சு. பால் சொசைட்டிக்கு ஆறு டேங்கு. அவங்க ஆபீசரு வேற நேர்ல வந்து பாக்கறாருன்னாங்க. நான் யோசிச்சேன். எங்கூட்டுல இல்ல. தொடைக்க ஆளில்ல. தூசி சேந்தா மெஷின் படுத்துக்கும். அப்ப யாரு தொடைக்கோணும்? நான்தானுங்க தொடைக்கோணும். சோப்புத் தண்ணியில துணிய நனைச்சு, அழுத்தித் தொடச்சேன் பாருங்க, அவ ஒரு நாளும் அப்புடித் தொடச்சதில்ல. மொகம் பாக்கலாம், அப்புடி.

பொட்டும் போயிருச்சு. அதென்ன, வெச்சுட்டாப் போச்சு. சந்தனத்த நானே கொழச்சு வெச்சேன், அவள மாதிரி இல்லாம, வரிசையா. ஒவ்வொரு குமிழுலயும் ஆரம்பிக்கற எடத்துல ஒரு பூஜ்யம் போட்டிருக்குதுங்களே, மூணு பூஜ்யமும் ஒரே மட்டத்துல இருந்துச்சு. அளந்து வெச்சாப்புல. அதும் மேலயே வெச்சேன். மூணு சந்தனம், நடுவுல குங்குமம். அப்புறம் குமிழு மூணையும் பொட்டப் பாக்கற மாதிரி திருப்பி வெச்சேன். எப்பவும் அப்புடித்தான இருக்கும். ஆபீசரே பாத்துட்டு, "பரவால்லியே, மெஷின இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க"ன்னாரு. அவரு படிச்சவரு.

எனக்கும் ஒரு நிம்மதிங்க. பட்டன விட்டா டக்குன்னு நிக்குது. உஸ்ஸுன்னு கேஸு போற சத்தமே இல்ல. அப்பாடா, மெஷினு மரியாத கத்துக்கிச்சுன்னு நெனச்சேன். ஊசி மட்டும் அடிக்கடி கருகுச்சு. தையல் முடியற எடத்துல ஒரு கறுப்புப் புள்ளி. ஆசிட்டு தடவ அவ இல்ல, அதனாலதான்னு இருந்துட்டேன்.

ஆறு டேங்கும் முடிச்சு, தண்ணி நெரப்பி வெச்சாங்க. மறுநாள் வந்து பாத்தா ஆறும் அழுவுது.

சத்தமா இல்லீங்க. அங்க ஒரு சொட்டு, இங்க ஒரு சொட்டு. ஆபீசரு ஒரு சாக்பீஸ எடுத்து ஒழுகற எடத்துல எல்லாம் வட்டம் போட்டாரு. முப்பத்தெட்டு வட்டம். நானும் கூடவே நின்னு எண்ணுனேன். தையல் நடுவுல ஒண்ணுகூட இல்ல. எல்லாம் முடியற எடத்துல, ஊசி குத்துனாப்புல ஓட்டை. ஒருத்தரும் என்னத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மொதலாளி கூப்பிட்டாரு. "அண்ணா, சர்வீஸுக்குச் சொல்லியிருக்கறேன். வர்றவரு மெஷின்ல கோளாறுன்னு எழுதிக் குடுத்தா உங்க மேல தப்பில்ல. மெஷின் நல்லாருக்குதுன்னா, ஆர்கானுக்கு நான் வேற ஆளத்தான் பாக்கோணும். நீங்க மறுபடி கேட்டு, சன்னலுக்கு ராடு அடிங்க"ன்னாரு. அண்ணான்னுதான் சொன்னாரு, அது வரைக்கும் மரியாதைதான்.

அதனாலதான் சார் உங்ககிட்ட இவ்வளவு சொல்றேன். எனக்குப் பயமா இருக்குது. அம்பத்திமூணு வயசுல மறுபடியும் கீழ குந்தி உக்காந்து, புகையக் குடிச்சுட்டு, சட்டையில ஓட்டை எண்ணிட்டு இருக்க என்னால ஆவாதுங்க. ஒரு வரி எழுதுங்க. மெஷின்ல கோளாறு. என்ன கோளாறுன்னு கூட வேண்டாம். மெஷினுக்கு ஊடு வாசலா, புள்ள குட்டியா? அது வருத்தப்படப் போறதில்ல.

என்ன சார் அங்கயே பாக்கறீங்க? ஓ, அந்தச் செவப்புப் புள்ளியா. அது குங்குமம் இல்லீங்க, நெயில் பாலிசு. நேத்து எங்கூட்டுல ஊருல இருந்து வந்தா. வந்தவ என்னப் பாத்து எப்புடி இருக்கீங்கன்னு கூடக் கேக்கல. நேரா மெஷின்கிட்டப் போனா. பாத்தா. "யாருங்க பொட்ட மாத்துனது?"ன்னா. நான்தான், ஏன், வரிசையா இல்லியான்னு கேட்டேன். அப்புடியே அங்க உக்காந்துட்டா. நீங்க உக்காந்திருக்கற ஸ்டூலுலதான். அப்புறம், தங்கச்சி மகளோட நெயில் பாலிசாம், பையில இருந்து எடுத்து மறுபடியும் கோணல்மாணலா வெச்சுட்டா. இது சோப்புக்கும் போவாது, உங்களுக்கும் போவாதுன்னு என்னப் பாத்துச் சொல்றா.

அடிச்சுக் காட்டோணுமா? இப்பவா? காட்டறேன். மொகமூடியப் போட்டுக்குங்க. இப்ப வெச்சிருக்கற மாதிரியே அடிக்கறேன், செவப்புக்கு நேரா.

ம். முடிஞ்சுது. உஸ்ஸுன்னு போவுது பாருங்க, அது நிக்கற வரைக்கும் டார்ச்ச எடுக்கக் கூடாதாம், இதுவும் அவ சொன்னதுதான். நின்னுருச்சு. பாருங்க. முடியற எடம் எப்புடி இருக்குது? வெள்ளி மாதிரி. கை யாருது? என்றது.

குமிழ எதுக்குங்க பூஜ்யத்துல வெக்கறீங்க? சரி, நீங்க சொன்னாச் சரி. அடிக்கறேன்.

ம்.

தெரியுதுங்க. நீங்க வெரல வெச்சுக் காட்ட வேண்டாம். அந்தக் கறுப்ப நான் முப்பத்தெட்டு எடத்துல பாத்துட்டேன். நடுவுல ஓட்டை. டக்குன்னு நின்னா சூடா இருக்கற எடம் குழி உழுந்து வெடிச்சுப் போவுது, கேஸு மூடாததுனால கருகிப் போவுது. அதானுங்களே சொல்ல வர்றீங்க? எறக்கம் மெதுவா எறங்கோணும், கேஸு கூட நிக்கோணும். புரியுது. இருவத்திரண்டு வருசம் வெல்டரு நானு, எனக்குப் புரியாதா.

சித்தெ இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

அப்ப மெஷின்ல கோளாறு இல்ல. எழுத மாட்டீங்க. உங்க வேலை அது, நான் கொறை சொல்லல. அப்ப என்னதான் எழுதறீங்க? மெஷின் நல்ல நிலையில் உள்ளது. ம். பேனல் செட்டிங் மாறியதால் கசிவு. ம். சரி செய்யப்பட்டது. யாரு சரி பண்ணுனது? நீங்க பண்ணலியே, நீங்க வர்றப்பவே செவப்புப் புள்ளி இருந்துச்சே. அதென்ன கீழ ஒரு கட்டம்? ஆபரேட்டர் பேரா? மெஷினுக்கு இனிமேப் பொறுப்பு யாரோ அவங்க பேரு. ஒரு பேருதானா? ரெண்டு எழுத எடமில்லீங்களா, ஓரமா?

ஏ துளசி! துளசிமணி! இங்க வா புள்ளே. கையக் கழுவிட்டு வா, ஆசிட்டோட வராத. சாரு உன்னக் கூப்படறாரு. நான் ஒண்ணும் சொல்லலப்பா, சாரே கண்டுபுடிச்சுட்டாரு. ஆபரேட்டர்னு யாரு பேரு எழுதறதுன்னு கேக்கறாரு.

கேட்டீங்களா சார் அவ சொல்றத? "அவரு பேரையே எழுதுங்க, கை அவரோடதுதானுங்களே"ங்கறா. உங்ககிட்டச் சொல்றப்பக் கூட என்னப் பாக்கல பாருங்க, செவத்தப் பாத்துச் சொல்றா. நேத்து கோவத்துல உக்காந்தவதான். ரெண்டு வருசமா விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு, சோறாக்கி வெச்சுட்டு, எனக்கு முன்னால வந்து, பத்து நிமிசம்...

தொடச்சிருக்கா. சரி, தொடைக்கல. நீங்க என்ன அப்புடிப் பாக்க வேண்டாம்.

எழுதுங்க சார். நான் சொல்றத எழுதுங்க. துளசிமணின்னு எழுதுங்க. அவ கெடக்கறா, நீங்க எழுதுங்க. மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். பேனலு அவ, டார்ச்சு நான், வேண்டாம்னா ரெண்டு பேருமே போய்க்கறோம்னு சொல்லிடறேன். ஸ்டூலுல அவ உக்காந்துக்கட்டும். எனக்கு அந்த ஆட்டக்காலு ஸ்டூலு இருக்குது. அது இரும்புதானுங்க, ஒரு ராடு அடிச்சா நின்னுக்கும். சுவிட்சத்தான் அந்தப் பக்கம் மாத்தோணும். அத நானே மாத்திக்குவேன், படம் போட்டிருக்குதே.

எழுதிட்டீங்களா? காட்டுங்க. துளசிமணி. ம், நல்லாத்தான் இருக்குது. இனிஷியல எங்க காணோம்? விட்டுட்டீங்களே. செ. போடுங்க சார், அவ பேருக்கு முன்னால. செ. துளசிமணி. அது என்ற எழுத்து.

சித்தெ பெருசாப் போடுங்க.